சேர்வராயன் மலைப் பாதைக்கு ஏடிவி: ஏற்றத்தைப் பார்த்து வாங்காதீர்கள், இறக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

நாகலூரிலிருந்து:

நாகலூருக்குக் கீழே எங்களுக்கு ஏழு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து தோட்டத்தின் அடிக்கோடி வரை ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. ஜீப் பாதித் தூரம்தான் போகும், அதற்கப்பால் நடைதான். தோட்ட வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் அனுமதியோடு அவர்களுடைய பாதைகளில் ஓட்டுவதற்கும் ஓர் ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி, வாங்குவது என்று முடிவு செய்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பல வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். இப்போது வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எனக்கும் சிசிதான் கணக்கு. சேலத்தில் ஒருவரிடம் பழைய குவாட் வண்டி ஒன்று விலைக்கு வந்தது. குவாட் என்பதும் ஏடிவிதான். 200 சிசி, பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை, பார்வைக்கு மிடுக்கான வண்டி. தோட்டத்துக்குக் கொண்டுவந்து ஓட்டியபோது ஏற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் ஐப்பசி மழை விட்ட பிறகு அதே பாதையில் இறங்கினேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கட்டைவிரலை எடுத்ததும் என்ஜின் சத்தம் தணிந்தது. அடுத்த கணமே வண்டி நியூட்ரலில் விழுந்ததைப் போலத் தன்போக்கில் உருளத் தொடங்கிவிட்டது. பதறிப்போய் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். சவுக்குமர இலையும் காப்பிச் சருகும் ஊறிக் கிடந்த செம்மண்ணில் முன்சக்கரங்கள் சுழலாமல் இறுகி, வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு போய் ஒரு சவுக்கு மரத்தில் மோதி நின்றது. எங்கள் பக்கம் சில்வர் ஓக்கைத்தான் சவுக்கு என்போம். இடது மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கை தூக்க முடியவில்லை.

காரணத்தைப் பிறகு ஒரு மெக்கானிக் வண்டியைப் பிரித்துக் காட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். ஸ்கூட்டரில் இருப்பதைப் போன்ற பெல்ட்டும், என்ஜின் வேகமாகச் சுழன்றால் மட்டுமே பிடிக்கும் கிளட்சும் அதில் இருந்தன. வேகம் குறைந்தவுடன் கிளட்ச் விட்டுவிடும், அதன் பிறகு சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பே இல்லை. ஆகவே இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய என்ஜின் அங்கே வெறுமனே முனகிக்கொண்டிருந்தது. நல்ல ஏடிவிகளிலும் பெல்ட்தான் இருக்கிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் பெல்ட் பிடி தளராமல் சக்கரத்தை என்ஜினோடு சேர்த்தே வைத்திருக்கும் ஏற்பாடு அவற்றில் உண்டு. என்ஜின் பிரேக்கிங் என்று சொல்வது இதைத்தான். நம் மலையில் ஏறியதெல்லாம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதால், விற்பவர் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினால் போதாது. செங்குத்தான ஓர் இறக்கத்தின் உச்சியில் நிறுத்தி, லோ கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் நீங்களே இறக்கிப் பாருங்கள். ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி தானாக அடங்கி இறங்கினால் மட்டுமே மேற்கொண்டு விலை பேசலாம்.

அகலம் அடுத்தது. நான்கு அடி நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, அதை இரு கையாலும் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பாதை முழுவதும் நடந்தேன். பெரிய ஏடிவிகள் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், அதாவது அந்த மூங்கிலின் நீளம். பதினொரு இடங்களில் மூங்கில் தட்டியது. எட்டு இடங்களில் கிளையைக் கழித்துவிட்டால் போதும் என்று தெரிந்தது. இரண்டு இடங்களில் மண்ணை வெட்ட வேண்டியிருந்தது. மீதி ஓரிடத்தில் மட்டும் ஒருபுறம் பாறையும் மறுபுறம் சரிவும் இருந்ததால், பாதையையே சற்று மேலே திருப்பிவிட்டோம். ஒரு முழுநாள் வேலை, ஆனால் வண்டி வந்து நின்ற பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விளையாட்டு ரகம், வேலை ரகம் என்ற வேறுபாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டு ரகத்தில் பின்னச்சு பெரும்பாலும் ஒரே தண்டாக இருக்கும். இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும் என்பதால், வளைவில் ஓட்டுபவர் உடலைச் சாய்த்து எடையை மாற்றித் தந்தால்தான் வண்டி திரும்பும். பரந்த மணல்வெளியில் அது இன்பம். வேர்களும் கற்களும் துருத்திக்கொண்டிருக்கும் எங்கள் பாதையில் ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மறுசக்கரமும் சேர்ந்து சாய்கிறது. வேலை ரக வண்டிகளில் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குவதுண்டு, நான்கு சக்கர இழுவையும் லோ கியரும் இருக்கும். கடைசியில் நான் வாங்கியது கைமாறி வந்த, வேலை ரகத்தைச் சேர்ந்த ஒரு போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570. வழுக்கும்போது முன்சக்கரங்களுக்கும் இழுவை போய்ச் சேர்கிறது. அதன் எடை 300 கிலோவுக்கு மேல். எடை கூடினால் நல்லது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பக்கச் சரிவில் கவிழ்ந்தால் அந்த எடை முழுவதும் ஓட்டுபவர்மேல்தான் விழும்.

டயர் விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். அடிவாரத்தில் பஞ்சர் ஒட்டியவர் வழக்கப்படி பைக்குக்குப் பிடிப்பதுபோல் 25 பிஎஸ்ஐ காற்று பிடித்துவிட்டார். அன்று வண்டி பந்துபோல் எகிறியது, ஹேண்டில் கையில் நிற்கவில்லை. இந்த டயர்களுக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அளவே போதும். கல்லின்மேல் டயர் அமுங்கித் தழுவ வேண்டும், அப்போதுதான் பிடிப்பு கிடைக்கும். பெட்ரோல் பங்கு மீட்டரில் அவ்வளவு குறைந்த அளவைச் சரியாகப் பார்க்க முடியாது என்பதால் குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள சிறிய மீட்டரை வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டச்சேட்டிலிருந்து:

நாகலூர் அண்ணன் எழுதியதில் ரிவர்ஸ் கியர் விடுபட்டுவிட்டது. என் உயிரைக் காத்தது அதுதான் என்பதால் சேர்க்கிறேன். சென்ற தை மாதம், காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில், காலை ஆறரை மணிக்கு மிளகுக்கொடி படர்ந்த ஒரு திருப்பத்தில் காட்டெருமை ஒன்று பாதையை அடைத்து நின்றது. எங்களுக்கிடையே முப்பது அடிகூட இல்லை. அதன் மூக்கிலிருந்து வந்த ஆவி பனியோடு கலப்பதையும், முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டதுபோன்ற வெண்மையையும் இன்றும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். ஹாரன் அடிக்கவில்லை, என்ஜினை முறுக்கவில்லை. திருப்புவதற்கு இடமே இல்லாத அந்தப் பாதையில் ரிவர்ஸ் போட்டு, மெல்ல மெல்ல ஐம்பது அடி பின்வாங்கி நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்து அது தானாகவே கீழே இறங்கிப் போயிற்று. விளையாட்டு ரகத்தில் சிலவற்றுக்கு ரிவர்ஸே கிடையாது. நான் முதலில் ஆசைப்பட்ட வண்டியும் அப்படிப்பட்டதுதான்.

இருவர் அருகருகே அமர்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் பெரிய வண்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. இரும்புக் கூண்டும் சீட் பெல்ட்டும் இருப்பதால் வயதான பெற்றோரை அழைத்துப் போக அதுவே பாதுகாப்பு. என் உறவினர் ஒருவர் அத்தகைய வண்டியை வாங்கினார். அகலம் ஐந்து அடியைத் தொட்டதால் அவருடைய தோட்டத்தில் ஜீப் போகும் பாதையைத் தாண்டி அது எங்குமே நுழையவில்லை. ஜீப் போகுமிடத்துக்கு ஜீப்பே போதுமே.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியோடு நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தோட்ட எல்லைக்கல்லும் காப்புக்காட்டு எல்லைக்கல்லும் எங்கே நிற்கின்றன என்பதைப் பாதையில் இறங்குவதற்கு முன்பே தெரிந்து வையுங்கள். பொதுச்சாலையில் ஓட்டுவதற்கும் சாதாரண ஏடிவிக்குப் பதிவு கிடைக்காது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக் கட்டித்தான் நான் ஏடிவியை மேலே கொண்டுவந்தேன். வாடகைச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து:

என்னுடைய அனுபவம் வாங்காமல் திரும்பிய அனுபவம். பதின்மூன்று வயது மகனுக்காக ஒரு கடைக்குப் போனோம். 250 சிசி வண்டியைக் காட்டி, “நாலு சக்கரம் இருக்குதுங்க, கவுறவே கவுறாது, தம்பி பின்னாடி நீங்களும் உக்காந்துக்கலாம்” என்றார் விற்பனையாளர். நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தபோது, பின் மட்கார்டின்மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளில் அவர் சொன்ன இரண்டுக்குமே மறுப்பு அச்சாகியிருந்தது: பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது, பின்னால் ஆளை ஏற்றக் கூடாது. இருக்கை நீளமாக இருப்பது இருவர் உட்காருவதற்காக அன்று, ஓட்டுபவர் ஏற்றத்தில் முன்னும் இறக்கத்தில் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காக. இருவர் அமர்வதற்கென்றே நீளமான அடிச்சட்டத்தோடு செய்யப்படும் வண்டிகள் தனி. நான்கு சக்கரம் இருந்தால் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதை நாகலூர் அண்ணனின் மணிக்கட்டு சொல்கிறது. இந்த வண்டிகளின் முன்னோடிகளாக 1970இல் வரத் தொடங்கிய மூன்று சக்கர வண்டிகள் அடிக்கடி கவிழ்ந்ததால், அமெரிக்காவில் 1988இல் அவற்றின் விற்பனையே நிறுத்தப்பட்டது.

மகன் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். நாகலூர் அண்ணன் அனுமதித்தால், அடுத்த மாதம் அவனை அழைத்துக்கொண்டு வந்து மூங்கில் பிடித்து நடந்த அந்தப் பாதையைக் காட்ட விரும்புகிறேன். ஓட்டுவதற்காக அன்று, நடந்து பார்ப்பதற்காக.

நாகலூரிலிருந்து:

தாராளமாக வாருங்கள். மழை பெய்த மறுநாளாகப் பார்த்து வந்தால், எந்த இடத்தில் வழுக்கியது என்பதை அந்தச் சவுக்கு மரத்தின் பட்டையில் இருக்கும் தழும்போடு சேர்த்துத் தம்பிக்குக் காட்டுகிறேன். கொட்டச்சேட்டுத் தம்பிக்கு நன்றி. என் வண்டியில் ரிவர்ஸ் இருக்கிறது, ஆனால் அந்தக் குறுகிய பாறைத் திருப்பத்தில் பின்னோக்கி ஓட்டி இதுவரை பழகவில்லை. நாளைக் காலையில் பழகப் போகிறேன்.