பொரிப்பகச் சிப்பிக் குஞ்சைக் கடலில் விட்டால் பிழைக்குமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குளியாளி மகன், தூத்துக்குடி:
1981இல் எங்கள் ஊரில் முத்துச்சிப்பிக் குஞ்சைத் தொட்டியிலேயே உண்டாக்கிவிட்டார்கள். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், அதைக் கொண்டுபோய் விட்டால் பழையபடி சிப்பி படியும் என்று ஒரே பேச்சு. எண்பதுகளின் கடைசியில் அப்படி விடப் போன படகு ஒன்றில், சங்கு குளித்துப் பழகியவன் என்பதால், நானும் கூலிக்குப் போனேன். குஞ்சு ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, பைக்குள் தன் உடம்பிலிருந்து நூல் விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தது. அடிவரை கொண்டுபோய்ப் பாறையில் வைக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் என்ன செய்தேன், மூச்சு முட்டியதில் தரைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போதே ஒரு பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். நீரோட்டம் பாதியை மணலுக்கு இழுத்துப் போய்விட்டது, அங்கே நூல் விட்டு ஒட்டப் பிடிமானம் ஏது? அடுத்த முங்கில் பார்த்தால் கிளாத்தி மீன் கூட்டமாக வந்து மேய்கிறது, ஓடு நொறுங்கும் சத்தம் காதில் கேட்டது.

அடுத்த சங்குப் பருவத்தில் அதே இடத்தில் இறங்கினேன். பாறை இடுக்கில் நாலைந்து சிப்பி இருந்தது. நாங்கள் விட்டதா, தானாகப் படிந்ததா? பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே சிப்பிதானே. தானாகப் படிந்ததே லட்சக்கணக்கில் இருந்து மறு வருடம் பார் வெறிச்சென்று போகும், சுரம் என்கிற மட்டிக் கூட்டம் பாய் விரித்த மாதிரி மூடிக் கொன்றுவிடும் என்று தாத்தா சொல்வார். அதனால் எத்தனை லட்சம் விட்டோம் என்ற கணக்கை யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கூண்டுக்காரன்:
அண்ணாச்சி, கூண்டில் வைத்து வளர்த்தாலே பாடுதான். ஓடுபோல ஒட்டி வளரும் கொட்டலசும் பாசியும் வலைக்கண்ணை அடைத்துவிடும். அதைவிட மோசம், ஓட்டின் மேல் மயிர் முளைத்த மாதிரி ஒரு நத்தை. பொடிசாக உள்ளே நுழைந்து, கூண்டுக்குள்ளேயே வளர்ந்து, சிப்பியைத் தின்றுகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, திறந்தால் வெற்று ஓடு. கொஞ்சம் பெரிதாகும்வரை கூண்டில் வைத்து, வாரம் ஒருமுறை துடைத்து, அப்புறம் கடலில் விட்டால்தான் ஏதோ மிஞ்சும் என்பது என் கணக்கு. ஆனால் அத்தனை மாதக் கூலியை யார் கொடுப்பது?

மண்டபம் கரை:
இங்கே பாக் விரிகுடாவில் இறால் குஞ்சு விடுகிறார்கள். அதிலும் இதே கதைதான், வலையில் விழும் இறாலில் எது விட்டது எது பிறந்தது என்று யார் கண்டார்? சரி அண்ணாச்சி, அந்த நாலைந்து சிப்பியை என்ன செய்தீர்கள்?

குளியாளி மகன், தூத்துக்குடி:
ஒன்றை மட்டும் எடுத்துத் திறந்தேன். முத்து இல்லை.