அக்காவ மாமா அடிக்கிறார், அக்கா போலீஸ் வேணாம்ங்குது. வேற வழி இருக்கா? (சேலம்)

மலைக்காத்து:
வணக்கம்ங்க. நாங்க ஏற்காடு, நாகலூர் பக்கம், அப்பா எஸ்டேட் வேலை. அக்காவ நாலு வருஷம் முன்னாடி கீழ செவ்வாப்பேட்டைல கட்டிக் குடுத்தோம், மாமாவுக்கு வெள்ளிக்கொலுசு பட்டறை. அக்காவும் கூட உக்காந்து ராத்திரி வரைக்கும் வேலை பாக்கும், ஆனா கைல ஒரு ரூபா தங்காது, ஏடிஎம் கார்டு மாமாகிட்ட. போன்ல பேசுனா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும், பக்கத்துல ஆள் இருக்கறது நமக்கே தெரியும்.

போன வாரம் கீழ போயிருந்தேன். அந்த வேக்காட்டுல அக்கா முழுக்கை போட்டிருந்துச்சு. டீ குடுக்கறப்ப கை விலகுச்சு, மணிக்கட்டுல நாலு வெரல் தடம், அதுக்கு மேல வளையல் ஒடைஞ்சு குத்துன காயம். கேட்டா குக்கர் ஆவின்னு சொல்லுது. குக்கர் ஆவி வெரல் வெரலாவா படும்? அப்புறம் மாமா வெளிய போனதும் அழுதுட்டு சொல்லுச்சு, ஆனா போலீஸ் வேணவே வேணாம், புள்ளைய புடுங்கிக்குவாங்கன்னு பயப்படுது. அம்மா என்னடான்னா ஆடிப் பண்டிகை முடியட்டும் பேசிக்கலாம்ங்கறாங்க. எனக்கு ஆத்திரம் வருது, போய் நாலு சாத்து சாத்தலாம்னு இருக்கு. போலீஸ் இல்லாம வழி இருக்கா? மலைக்கு கூட்டிட்டு வந்துட்டா கேஸ் அங்கதான் போடணுமா?

கொண்டலாம்பட்டிஅக்கா:
தம்பி, மொதல்ல அந்த நாலு சாத்து நெனப்ப விட்ருங்க. நீங்க சாத்திட்டு பஸ் ஏறிருவீங்க, ராத்திரி அந்த வீட்டுல இருக்கப்போறது உங்க அக்கா.

எனக்கு இது ஆறு வருஷம். ஒரு தடவ புருவத்துல ரெண்டு தையல், ஆஸ்பத்திரில டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேக்கறப்ப வீட்டுக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிட்டேன். பின்னாடி கோர்ட்டுல அதே சீட்ட அவங்க வக்கீல் எடுத்து நீட்டுனாரு பாருங்க. அதனால எப்ப அடிபட்டாலும் பெரியாஸ்பத்திரி போயி, தனியா பேசணும்னு டாக்டர்கிட்ட கேட்டு, அடிச்சது யாருன்னு சொல்லி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லணும். ஏஆர் காப்பின்னு கேப்பாங்க, அது ரொம்ப முக்கியம். போட்டோ எடுத்தா அக்கா போன்ல வச்சுக்க வேணாம், உங்க போன்ல இருக்கட்டும்.

நானும் ஒரு ஸ்டேஷனுக்கு போனேன், ரெண்டு பேரையும் உக்கார வச்சு இனி அடிக்க மாட்டேன்னு எழுதி வாங்கி அனுப்பிட்டாங்க. பதினோரு நாள் தாங்குச்சு அந்தப் பேப்பர். எல்லா ஸ்டேஷனும் அப்படின்னு சொல்லல, ஆனா உங்க அக்கா பயப்படறது எனக்குப் புரியுது.

இன்னொன்னு கேளுங்க, கழுத்த நெரிச்சிருக்காரான்னு. ஒரு தடவைன்னாலும் அது வேற லெவல் ஆபத்து, உயிர் போற அளவுக்கு போகும், அப்படின்னா காத்திருக்கக் கூடாது. கெளம்பப்போறேன்னு அக்கா வாய்ல வந்துரவே கூடாது, பொண்டாட்டி கைய விட்டுப் போறான்னு தெரியற அந்த நேரந்தான் ரொம்ப மோசம்.

ஓமலூர்காரன்75:
புருஷன் பொண்டாட்டின்னா நாலு வார்த்தை இருக்கத்தான் செய்யும். பெரியவங்கள வச்சு பேசுங்க. கேஸ்னு போனா அந்தப் பொண்ணு வாழ்க்கைதான் வீணா போகும், இப்ப பாதி பொய்க் கேஸுதான்.

கொண்டலாம்பட்டிஅக்கா:
அண்ணா, எங்க வீட்டுலயும் பெரியவங்க நாலு தடவ வந்து காப்பி குடிச்சிட்டு பேசிட்டுப் போனாங்க. அஞ்சாவது தடவ வந்தப்ப நான் வார்டுல படுத்திருந்தேன்.

அஸ்தம்பட்டிவக்கீல்:
கோர்ட் முடிஞ்சு இப்பதான் பாத்தேன். பாதி பொய்க் கேஸுன்னு கணக்கெடுத்தது யாருன்னு அண்ணன்தான் சொல்லணும். 2019-21 தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்கள்ல சுமார் 38 சதவீதம் பேரு புருஷன்கிட்ட அடியோ கொடுமையோ பட்டிருக்கோம்னு சொன்னாங்க, அதுல ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சவங்க எத்தன பேரு இருப்பாங்கன்னு நெனைக்கறீங்க.

தம்பி, போலீஸ் இல்லாத வழி இருக்கு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம், 2006 அக்டோபர் 26லருந்து அமல்ல இருக்கு. இது அடிப்படையில சிவில், மாமாவ உடனே உள்ள தள்றதுக்கு இல்ல, அக்காவுக்குப் பாதுகாப்பு வாங்கறதுக்கு. அடி மட்டும் வன்முறை இல்ல, கூலிய புடுங்கறது, கார்ட வச்சுக்கறது, கேவலமா பேசறது எல்லாமே இதுல வரும். கலெக்டர் ஆபீஸ்ல சமூக நலத்துறைல பாதுகாப்பு அலுவலர்னு இருப்பாங்க, அவங்ககிட்ட போனா சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாங்க. நல்ல எண்ணத்தோட தகவல் சொல்றவங்க மேல யாரும் கேஸ் போட முடியாதுன்னு 4வது பிரிவு சொல்லுது, அதனால நீங்களே போய் சொல்லலாம். ஆனா அக்காகிட்ட கேட்டுட்டு போங்க. ஏற்கனவே ஒரு ஆளு அவங்களுக்காக எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு இருக்காரு, நீங்க ரெண்டாவது ஆளாயிராதீங்க.

மலைக்கு வந்துட்டா அங்க தங்கியிருக்கற எடத்த வச்சே மனு போடலாம், தற்காலிகமா இருந்தாலும் போதும், 27வது பிரிவு. வீட்ட விட்டு வந்துட்டா உரிமை போச்சுன்னு நெனைக்காதீங்க, வீடு மாமியார் பேர்ல இருந்தாலும் மருமக குடியிருக்கற உரிமை கேக்கலாம்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. கொழந்தைய தற்காலிகமா தாய்கிட்ட வைக்கவும், செலவுக்குப் பணத்துக்கும், சீதன நகைக்கும் இதே மனுல கேக்கலாம். அவசரம்னா எதிர்தரப்பு வரதுக்கு முன்னாடியே இடைக்கால உத்தரவு உண்டு. உத்தரவ மீறுனா அப்ப அது குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். சட்டத்துல 60 நாள்ல முடிக்கப் பாக்கணும்னு இருக்கு, நெசத்துல இழுக்கும், அத மறைக்க விரும்பல.

வக்கீல் காசுக்கு பயப்படாதீங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வைக்கணும், 1987 சட்டம். கோர்ட்டுலயே சட்டப்பணி ஆணைக்குழு இருக்கு, போன்ல 15100. ராத்திரி பகல் எப்பவும் 181 பேசலாம், தங்க எடம் வேணும்னா ஒருங்கிணைந்த சேவை மையத்துல சேத்து விடுவாங்க. உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம 112. எதுவா இருந்தாலும் உங்க போன்லருந்து பண்ணுங்க, அக்கா போன்ல நம்பர் இருந்தா அதுக்கே அடி விழும்.

கொண்டலாம்பட்டிஅக்கா:
அதோட ஸ்பீக்கர்ல பேசறதுக்கு ஒரு சங்கேதம் வச்சுக்கோங்க, நாங்க "இட்லி மாவு பொங்கிருச்சு"ன்னு வச்சிருந்தோம். ஆதார், கொழந்தை பர்த் சர்டிபிகேட், பேங்க் புக் இதெல்லாம் ஒவ்வொண்ணா உங்க வீட்டுக்கு வந்து சேரட்டும். ஒரே நாள்ல எடுத்தா மாட்டிக்குவாங்க.

மலைக்காத்து:
எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயித்துக்கெழம காப்பித்தூள் குடுக்கற சாக்குல போயிருந்தேன், மாமா பட்டறைல இருந்தார். கழுத்து விஷயம் கேட்டேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் ஒரு தடவன்னு சொல்லுச்சு. வக்கீலண்ணா சொன்னத எல்லாம் சொன்னேன், வீட்டு உரிமை போகாதுன்னதும்தான் நிமிந்து பாத்துச்சு. பர்த் சர்டிபிகேட்ட டிபன் பாக்ஸ் அடில வச்சு குடுத்து அனுப்புச்சு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், இப்ப ஆடிப் பண்டிகை பேச்சே எடுக்கல. நாங்க மொளகுன்னு வச்சிருக்கோம், மொளகு தீந்துருச்சுன்னா நான் வண்டியோட கீழ போகணும்.

நாளைக்கு கலெக்டர் ஆபீஸ் போறேன், அக்காவே போகச் சொல்லுச்சு. நேத்து ராத்திரி போன்ல அம்மா மொளகு இருக்கான்னு கேட்டதுக்கு "இருக்குமா, இந்த வாரம் ஓடும்"னு சொல்லுச்சு.