மோவாப் செம்பாறைத் தடங்கள்: வழியில் எதிர்ப்பட்டவர்களும் எதிர்ப்பட்டவையும்

சால்ட் லேக் சிட்டியிலிருந்து:

யூட்டா மாநிலத்தின் மோவாப்புக்குப் போய்வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் பாறை வளைவுகளைப் பார்த்துவிட்டுத் தார்ச் சாலையோடு திரும்பிவிடுகிறார்கள். தார் முடிகிற இடத்தில்தான் அந்த நிலம் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜீப்பிலோ வேறு ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலோ அந்தத் தடங்களில் போய்வந்தவர்கள், வழியில் யாரைச் சந்தித்தீர்கள், எது எதிர்ப்பட்டது என்று இங்கே எழுதுங்கள். காட்சிகளின் வருணனை எங்கும் கிடைக்கும். எதிரே வந்தவர் சொல்லிக்கொடுத்தது நீங்கள் எழுதினால்தான் கிடைக்கும்.

என்னுடையதை முதலில் வைக்கிறேன். கேனியன்லேண்ட்ஸ் பூங்காவின் ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ மேட்டுநிலத்திலிருந்து ஷேஃபர் தடம் ஏறத்தாழ 1,500 அடி கீழே இறங்குகிறது. செங்குத்துப் பாறைச் சுவரை ஒட்டி வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள். தடுப்புச் சுவர் கிடையாது. பூர்வகுடிகள் நடந்த வழி அது. பிறகு ஷேஃபர் குடும்பத்தார் மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். யுரேனியத் தேடல் சூடுபிடித்த காலத்தில் லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்திய பிறகும் பல இடங்களில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து பழைய பிக்கப் ஒன்று ஏறி வந்தது. இங்கெல்லாம் ஏறுகிறவருக்கே முன்னுரிமை. செங்குத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பும்போது சக்கரம் சுழன்று பாதையையே பறித்துவிடும். என் கணவர் அகலமான வளைவு வரை பின்னோக்கி எடுத்து, மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கினார். வந்தவர் எழுபதைத் தாண்டியவர். வளைவின் சமதளத்தில் நிறுத்தி, நன்றி சொல்ல இறங்கி வந்தவர், எங்கள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நாங்கள் டயரின் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐ வைத்திருந்தோம். “18 வரை இறக்குங்கள். ரப்பர் பரந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் முதுகும் பிழைக்கும்” என்றார். கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொன்றுதான் என் மனத்தில் தங்கியது: “கீழே கறுப்பு மண்ணைப் பார்ப்பீர்கள். அதில் கால் வைக்காதீர்கள். அது உயிரோடு இருக்கிறது.”

கீழே போய்ப் பார்த்தோம். செம்மணலின்மேல் கருகிய பொருக்கு போல, சிறு சிறு முண்டுகளாகப் படர்ந்திருந்தது. நீலப்பச்சைப் பாசி நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்து உருவாக்கும் மேலோடு அது. அந்த நுண்ணுயிர்கள் விடும் பிசுபிசுப்பான இழைகள்தான் மணலைக் காற்றில் பறக்காமல் கட்டிவைக்கின்றன. மழை நீரை நிறுத்துவதும், காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிகளுக்கு உணவாக மாற்றித் தருவதும் அதுவே. ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும். திரும்ப உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். பாலைவனத்தில் வெற்றிடம் என்று எதுவும் இல்லை என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். தடத்தை விட்டு ஓர் அடிகூட வண்டியை வெளியே விடாதீர்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

டாலஸிலிருந்து:

சகோதரி, நல்ல தொடக்கம். நான் சாண்ட் ஃபிளாட்ஸ் பகுதியின் ‘ஹெல்ஸ் ரிவெஞ்ச்’ தடத்தைப் பற்றி எழுதுகிறேன். நீளம் ஆறரை மைல்தான். ஆனால் அரை நாளை அப்படியே விழுங்கிவிடும். நுழைந்த சிறிது நேரத்திலேயே ஒரு குறுகிய பாறை முதுகின்மேல் ஏற வேண்டும். இரு பக்கமும் சரிவு. வண்டியின் மூக்கு மேலே போகும்போது கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். நவாஹோ மணற்பாறை என்று அதற்குப் பெயர். ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை. காய்ந்திருக்கும்போது உப்புத்தாளாகச் சொரசொரப்பாக இருக்கும், டயர் நம்ப முடியாத செங்குத்திலும் ஏறும். எங்கே போக வேண்டும் என்பதற்குப் பாறையிலேயே தீச்சுவாலைக் குறி வரைந்திருக்கிறார்கள். முன்னால் போனவர்களின் டயர்கள் விட்ட கறுப்புக் கோடும் வழி சொல்லும்.

நாங்கள் போனது ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடக்கும் வாரம். 1967-இல் உள்ளூர் வணிகர் சங்கம் தொடங்கிவைத்த ஜீப் திருவிழா அது. இன்று ஊர் கொள்ளாத கூட்டம் வருகிறது. ஓர் இறக்கத்தில் எனக்கு முன்னிருந்த வண்டிகள் போய்விட்டன. முன்சக்கரம் எங்கே இறங்கும் என்று என் இருக்கையிலிருந்து தெரியவில்லை. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஓர் அம்மா இறங்கி, கேட்காமலேயே எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நம்மூர் லாரி கிளீனர் சந்துக்குள் வண்டியைத் திருப்ப வைப்பாரே, அதே அதிகாரம். முதலில் சொன்னது: “என் கையை மட்டும் பாருங்கள். வேறு யார் கத்தினாலும் கேட்காதீர்கள்.” அருகில் நின்ற நான்கைந்து பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு பார்வையில் நிறுத்தினார். இடது சுண்டுவிரல் அசைந்தால் இடப்பக்கம் இவ்வளவு திருப்பு, உள்ளங்கை விரிந்தால் நில். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில், முதல் கியரில், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கினேன். அடிப்பாகம் பாறையில் உரசவேயில்லை.

அவர் செவிலியர் என்று பிறகு பேசும்போது சொன்னார். பல ஆண்டுகளாக ஈஸ்டருக்கு வருகிறாராம். சில வண்டிகள் ‘ஹெல்ஸ் கேட்’ என்னும் பிளவில் ஏறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். “நீங்களும் ஏறலாமே” என்றேன். “சுற்றிப் போக நல்ல வழி இருக்கிறது. மாலையில் இதே வண்டியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்” என்றார். நானும் சுற்று வழியில்தான் போனேன்.

டென்வரிலிருந்து:

கேனியன்லேண்ட்ஸ் பூங்காவின் வொயிட் ரிம் சாலையைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. மேலே மேட்டுநிலம், கீழே கொலராடோ, கிரீன் ஆறுகள். இரண்டுக்கும் நடுத்தட்டில், வெண்மணற்பாறை விளிம்பை ஒட்டி ஓடும் 100 மைல் சுற்று. 1950களில் யுரேனியம் கொண்டுவருவதற்காக அணுசக்தி ஆணையம் போட்ட சாலை. யுரேனியம் சொல்லும்படி கிடைக்கவில்லை, சாலை தங்கிவிட்டது. ஒரே பகலில் போய்வருவதானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். இரவு தங்குவதற்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்தாக வேண்டும். வழியில் குடிநீர் ஒரு சொட்டுக் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவு பெரும்பாலும் 1,000 டாலரைத் தாண்டும் என்று பூங்காவே எச்சரிக்கிறது.

அங்கே தனியாக வந்த ஒரு சைக்கிள்காரரைச் சந்தித்தோம். துணை வண்டி இல்லாமல் சுற்றை ஒரே பகலில் முடிக்கக் கிளம்பியவர். நாங்கள் நலம் விசாரிக்க நிறுத்தினோம். “எல்லாம் சரி” என்றார். கண் மட்டும் எங்கள் தண்ணீர்க் கேன்மேல் இருந்தது. அவருடைய குப்பிகளை வாங்கி நிரப்பிக் கொடுத்தோம். ஒரு குப்பியை நின்ற இடத்திலேயே குடித்து முடித்தார். அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாகத் தண்ணீர் எடுத்துப் போங்கள். அந்தச் சாலையில் உங்கள் வண்டிதான் அடுத்தவருக்குக் கிணறு.

மறுநாள் அனுமதிச் சீட்டைப் பார்க்க ஒரு ரேஞ்சர் வந்தார். இளம்பெண். சீட்டைப் பார்த்து முடித்ததும், “அவசரமில்லையென்றால் ஒன்று காட்டுகிறேன்” என்று சாலையோரப் பாறைமேல், மண்ணை மிதிக்காமல் கல் கல்லாகக் கால் வைத்து அழைத்துப் போனார். முன்பு பெய்த மழை ஒரு பாறைக் குழியில் தேங்கியிருந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில், மல்லாந்து நீந்தும் இறால் குஞ்சுகள்! கடல் இங்கிருந்து எவ்வளவு தொலைவு! அவற்றின் முட்டைகள் காய்ந்த குழியின் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்குமாம். மழை வந்ததும் பொரித்து, குழி வற்றுவதற்குள் வளர்ந்து முட்டையிட்டு, வாழ்நாளையே முடித்துவிடும். என் மகன் விரலை நீட்டினான். ரேஞ்சர் மெல்ல அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். நம் தோலில் பூசியிருக்கும் களிம்பும் எண்ணெயும் இந்தக் கையளவு நீரைக் கெடுத்துவிடும் என்றார். அவன் மண்டியிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு கூப்பிட்டும் எழவில்லை.

பிக்ஹார்ன் என்னும் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகளையும் சொல்லிவிடுகிறேன். ஹார்ட்ஸ்கிராபில் ஏற்றத்துக்கு அருகில் நான்கு பெட்டைகளும் ஒரு குட்டியும் வழியில் நின்றன. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவை அவசரப்படவில்லை, நாங்களும் அவசரப்படவில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து:

சின்னக் குழந்தைகள் இருப்பதால் நாங்கள் கடினமான தடம் எதற்கும் போகவில்லை. மோவாப்பிலேயே ஜீப் வாடகைக்கு எடுத்தோம். விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகைக் காரை மண் பாதையில் ஓட்ட ஒப்பந்தம் பொதுவாக அனுமதிக்காது. புதிதாகப் போகிறவர்கள் அதைப் படித்துப் பாருங்கள். ஃபிஷர் டவர்ஸ் பக்கம் ஆனியன் கிரீக் பாதை எளிது. ஓடையை மட்டும் இருபது முறைக்கு மேல் கடக்க வேண்டும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

கோடையின் பிற்பகுதியில் போயிருந்தோம். தலைக்குமேல் தெளிந்த நீலம். லா சால் மலைப் பக்கம் மட்டும் கருமேகம். எதிரே பயணிகளோடு வந்த ஒரு வழிகாட்டி, கையைத் தலைக்குமேல் சுழற்றித் திரும்பச் சொன்னார். “மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை. அங்கே பெய்தது இங்கே வரும்” என்றார். அவர் பின்னாலேயே திரும்பி, மேட்டில் நிறுத்திவிட்டுப் பார்த்தோம். கணுக்காலளவு ஓடிய தண்ணீர் செங்குழம்பாக, கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் காலையிலேயே கிளம்பி, மேகம் கட்டுமுன் வெளியே வந்துவிடுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து:

எல்லோருடைய அனுபவமும் படித்தேன், மகிழ்ச்சி. ஒரு மனக்குறையும் இருக்கிறது. 2023-இல் லாபிரிந்த் ரிம்ஸ், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் 317 மைல் தடங்களை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். என் தாயார் முழங்கால் வலியால் நூறடி நடக்க முடியாதவர். கிரீன் ஆற்றின் பள்ளத்தாக்கை விளிம்பில் நின்று அவர் பார்த்தது ஜீப் போனதால்தான். நடக்க முடிகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த நிலம் என்றால் எனக்கு வலிக்கிறது.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து:

ஐயா, உங்கள் தாயாரைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்தது. மூடுவதென்றால் முதலில் யாருக்கு இழப்பு என்று யோசித்து மூட வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனாலும் அந்த முடிவை முழுவதும் எதிர்க்க என்னால் முடியவில்லை. அதே பகுதியில் 800 மைலுக்கு மேல் திறந்தே இருக்கிறது. ஆற்றில் படகில் போகிறவர்கள் தேடுவது நிசப்தத்தை. மேலே இயந்திரம் உறுமினால் அது போய்விடுகிறது. தடத்துக்கு வெளியே, கறுப்பு மண்ணின்மேல் வட்டம் போட்டு விளையாடிய டயர் சுவடுகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒவ்வொரு வட்டமும், உங்கள் தாயாரைப் போன்றவர்கள் போகும் ஒரு வழியை மூடுவதற்குக் காரணமாகிறது. என் கோபம் அவர்கள் மீதுதான். ஹர்ரா கணவாய் வழியாகச் ‘சிக்கன் கார்னர்ஸ்’ வரை அம்மாவை அழைத்துப் போங்கள். தடம் திறந்திருக்கிறதா என்று கிளம்புமுன் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். கொலராடோ ஆறு நேர் கீழே தெரியும், எதிரே டெட் ஹார்ஸ் பாயின்ட். வண்டியை விட்டு நான்கு அடி நடந்தால் போதும்.

கேனியன்லேண்ட்ஸ் பூங்காவின் நீடில்ஸ் பகுதியிலுள்ள ‘எலிபன்ட் ஹில்’ தடத்தில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடுத்து அதைத்தான் நினைத்திருக்கிறோம்.

டாலஸிலிருந்து:

போயிருக்கிறேன், சகோதரி. படிப்படியாக உடைந்த பாறை, உதிரிக் கற்கள். திரும்ப இடமில்லாத ஒரு வளைவில் வண்டியைப் பின்னோக்கியே இறக்க வேண்டும். தனி வண்டியாகப் போகாதீர்கள். வண்டிக்கு வெளியே நின்று கை காட்ட ஒருவரை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் ஒருவரே பேச வேண்டும். இதற்கும் பகல் அனுமதிச் சீட்டு தேவை. அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், அந்தப் பக்கம் அலைபேசியை நம்ப முடியாது.