கொழும்புக்கு வெளியே ஒரு நீர்மூழ்கி காத்திருந்தால்?

வாஃப் கிளார்க், முகத்துவாரம்:
பக்கத்து வீட்டு அண்ணர் கடலுக்குப் போகிறவர். போன மாதம் கிழிந்த வலையொன்றை முற்றத்தில் விரித்துக் காட்டினார். அடிக்கயிறு முழுக்கத் துரு. விரலால் தேய்த்தால் செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது. "பழைய கப்பல் ஒன்றிலை கொளுவிப் போட்டுது" என்றார். நம் கரைக்கு வெளியே என்னென்ன கப்பல்கள் கிடக்கின்றன என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917 பெப்ரவரி 17இல் வூஸ்டர்ஷயர், நான்கு நாள் கழித்து பெர்சியஸ். இரண்டும் கடற்கண்ணியில், அதாவது கடலுக்குள் போட்டுவைக்கும் வெடியில், மோதி மூழ்கியவை. கண்ணிகளைப் போட்டது சரக்குக் கப்பல் வேஷத்தில் வந்த ஜேர்மன் கப்பல், வோல்ஃப்.

1916இல் டொய்ச்லாந்து என்ற வணிக நீர்மூழ்கி அத்திலாந்திக்கைக் கடந்து பால்டிமோர் வரை போய்த் திரும்பியிருக்கிறது. வோல்ஃபுக்குப் பதிலாக அப்படிப்பட்ட இரண்டு மூன்று நீர்மூழ்கிகள் டோர்ப்பீடோவோடு இங்கே வந்திருந்தால் கொழும்பு என்னவாகியிருக்கும்?

எஞ்சின்றூம்:
தம்பி, முப்பது வருஷம் கப்பல் எஞ்சினோடு கிடந்தவன் சொல்கிறேன். முதலில் எண்ணெயைப் பாருங்கள்.

ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் எப்படி இந்தப் பக்கம் அவ்வளவு நாள் தாக்குப் பிடித்தது? பிடித்த கப்பலின் கரியை அள்ளித் தன் அடுப்பில் போட்டது. நீர்மூழ்கிக்கு டீசல் வேண்டும். அன்றைய சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் கரியில் ஓடியவை. பத்துக் கப்பலைப் பிடித்தாலும் ஒரு வாளி டீசல் தேறாது. டோர்ப்பீடோ தீர்ந்தால் அதுவும் அப்படித்தான். வோல்ஃப் ஆயிரக்கணக்கான தொன் கரியைத் தானே சுமந்துகொண்டு வந்து, பிடித்த கப்பல்களின் கரியையும் அள்ளியதால்தான் பதினைந்து மாதம் கடலில் நின்றது.

இன்னொரு விஷயம். 1914 செப்டம்பர் 22 காலையில் ஜேர்மன் நீர்மூழ்கி யூ-9 வடகடலில் மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,459 பேர் செத்தார்கள். அதே நாள் இரவில்தான் எம்டன் சென்னையைச் சுட்டது. அந்த யூ-9 மேற்பரப்பில் மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடியது, புகை தூரத்திலேயே தெரியும். இரண்டு வருஷத்தில் அதிலிருந்து டொய்ச்லாந்துக்கு வந்தது பெரிய பாய்ச்சல், மறுக்கவில்லை. ஆனால் செங்கடலில் எஞ்சின் அறை வெக்கையில் நான் மயங்கி விழுந்திருக்கிறேன். மூடிய இரும்புக் குழாய்க்குள் இந்தக் கடலில் வாரக்கணக்கில் இருப்பதை நினைக்கவே முடியவில்லை.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
அண்ணா சொன்ன எண்ணெய்க் கணக்கு சரி. ஆனால் கொழும்பைத் தொட நீர்மூழ்கி இங்கே வரவே தேவையில்லை. 1915 டிசம்பர் 30இல் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பெர்ஷியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை யூ-38 நீர்மூழ்கி மத்தியதரைக் கடலில் கிரீட் தீவுக்குத் தெற்கே மூழ்கடித்தது. அந்தக் கடலின் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து 1916 மார்ச்சிலிருந்து ஆஸ்திரேலியா, தூரகிழக்குக் கப்பல்கள் பலவற்றை பிரிட்டன் சூயெஸை விட்டு நன்னம்பிக்கை முனை வழியாகத் திருப்பிவிட்டது.

என்னைக் கேட்டால், வரலாறு மாறியிருக்கக்கூடிய நாள் 1917 ஜனவரி 9. மாதம் 600,000 தொன் மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் பணியும் என்று ஜேர்மன் அட்மிரல் ஹோல்ட்சென்டோர்ஃப் எழுதிக் கொடுத்ததை நம்பி, கண்ட கப்பலையெல்லாம் எச்சரிக்காமல் தாக்க அன்று ஜேர்மன் பேரரசர் கைசர் சம்மதித்தார். அதற்கு முந்தைய மாதங்களில், கப்பலை நிறுத்தி ஆட்களை இறக்கிவிடும் விதியோடேயே மாதம் 300,000 தொன்னுக்கு மேல் மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் கையில் டொலரும் வற்றிக்கொண்டிருந்தது. எச்சரிக்காத தாக்குதலால் அமெரிக்காவைச் சீண்டாமல் அப்படியே இன்னும் ஆறு மாதம் பொறுத்திருந்தால்? அமெரிக்கா ஏப்ரலில் போருக்கு வந்திருக்காது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாஃப் கிளார்க், முகத்துவாரம்:
ரீச்சர், அந்த 1916 மார்ச் என்னைப் பிடித்துக்கொண்டது. என் பூட்டன் துறைமுகத்தில் கரி மூட்டை சுமந்தவர். "கப்பல் வராத வருஷம்" என்று அப்பப்பா ஒரு பஞ்ச காலத்தைச் சொல்லுவார். எந்த வருஷம் என்று நான் கேட்டதேயில்லை. 2024இல் செங்கடலை விட்டுக் கப்பல்கள் அதே முனையைச் சுற்றி வந்தபோது எங்கள் யார்டில் கொள்கலன் வைக்க இடமில்லை, இரவு இரவாக வேலை. அன்றைக்கோ முனையைச் சுற்றிய கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பனில் கரி ஏற்றிக்கொண்டு கொழும்பைத் தொடாமலே போயிருக்கும்.

1916, 1917இல் கொழும்புக்கு வந்துபோன கப்பல்களின் பதிவேட்டை எங்கே பார்க்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.