மறுமடல்: ‘லோக்கல் ரெஜிஸ்டர்’ - பதிவேடா, காப்பேடா?

நண்பர்களே,

அமெரிக்க நகரங்கள் தம் பழைய கட்டடங்களைக் காக்க வைத்திருக்கும் ஏடுதான் ‘லோக்கல் ரெஜிஸ்டர்’. அதைத் தமிழில் ‘உள்ளூர்ப் பதிவேடு’ என்று சொல்லலாமே என்றீர்கள். சொல்லளவில் சரிதான். ஆனால் ‘பதிவு செய்யப்பட்ட கட்டடம்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவருக்குப் பத்திரப்பதிவுதான் நினைவுக்கு வரும்.

வெறுமனே பெயரைக் குறித்துவைக்கிற ஏடு என்றால் அது பழைய கட்டடங்களுக்கான அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டுக்குத்தான் ஓரளவு பொருந்தும். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது அது. அதில் இடம்பெற்ற வீட்டை, நடுவண் அரசின் பணமோ அனுமதியோ கலக்காதவரை, உரிமையாளர் இடித்தால்கூட அந்தப் பதிவேடு தடுக்காது. பெயர் பெரிது, பிடி தளர்வு. நகரத்தின் ஏட்டில் ஏறிவிட்டால் கதை வேறு, ஏனென்றால் கட்டட அனுமதி நகரத்தின் கையில் இருக்கிறது. தெருவைப் பார்த்த மரச் சன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சன்னல் மாட்ட நினைப்பவர், பல ஊர்களில், முதலில் இத்தகைய மாற்றங்களைப் பரிசீலிக்கும் நகர மரபுக்குழுவின் முன் வரைபடத்தோடு போய் நிற்க வேண்டும். சமையலறைச் சுவருக்கு வண்ணம் அடிக்க யாரையும் கேட்க வேண்டாம்.

காப்பது இந்த ஏடுதான் என்பதால் என் பரிந்துரை: ‘நகரக் காப்பேடு’.

மாற்றத்துக்கு ஒப்புதலாக அந்தக் குழு தரும் ‘சர்டிஃபிகேட் ஆஃப் அப்ரோப்ரியேட்னெஸ்’ஸைத் ‘தகுதிச் சான்றிதழ்’ என்றால், வீட்டுக்காரரின் தகுதியைச் சோதித்தது போல் இருக்கிறது. ‘பொருத்தச் சான்று’ என்றால் ஜாதகம் வந்துவிடும்! ‘இசைவுச் சான்று’ என்போமே. இசைவு என்றால் சம்மதம், ஒத்துப்போதல் இரண்டும்தான். சன்னல் தெருவோடு ஒத்துப்போகிறது, அதனால் குழு சம்மதிக்கிறது. மூலத்தில்கூட இந்த இரட்டைப் பொருள் இல்லை.

அப்புறம், ‘ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்’டுக்கு, தயவுசெய்து ‘வரலாற்று மாவட்டம்’ வேண்டாம். 1931இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் சட்டம் போட்டுக் காத்தது தன் பழைய தெருக்களைத்தான், ஆட்சியர் வைத்து ஆளும் மாவட்டத்தை அல்ல. ‘மரபு வட்டாரம்’ போதும்.

---

ஐயா, இசைவுச் சான்றுக்கு என் முழு இசைவு. காப்பேட்டில்தான் தயக்கம். கணினித் துறையில் ‘காப்பு’ என்றால் பேக்கப். அதோடு, அந்தச் சொல் கொஞ்சம் அதிகமாகவே வாக்குக் கொடுக்கிறது. சில நகரங்களில் இந்த ஏட்டால் இடிப்பதைச் சில மாதம் தள்ளிவைக்க மட்டுமே முடியும். ‘மரபுப் பட்டியல்’ அடக்கமாக இல்லையா?

---

தள்ளிவைப்பதோடு நிற்கும் ஊர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க்கைப் பாருங்கள். 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள், தடுக்கச் சட்டம் இல்லை. 1965இல் நகரம் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி காக்கப்பட்ட கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் 50 மாடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்ப உரிமையாளர்கள் கேட்டார்கள். நகரம் மறுத்தது, 1978இல் உச்ச நீதிமன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது. இதைச் செய்த ஒன்றைப் ‘பட்டியல்’ என்றால் மளிகைச் சாமான் கணக்காகிவிடும்.

பேக்கப் குழப்பம் ‘காப்பு’ தனியாக வந்தால்தான். ‘காப்பேட்டில் ஏறிய கட்டடம்’ என்றால் யாரும் கணினியைத் தேட மாட்டார்கள். எனக்கு இன்னும் பிடிபடாதது ‘கான்ட்ரிபியூட்டிங் பில்டிங்’. தனியாகப் பார்த்தால் சாதாரண வீடு, ஆனால் அதை எடுத்துவிட்டால் தெருவின் பழமை குறைந்துவிடும். ‘பங்களிக்கும் கட்டடம்’ நன்கொடை போல இருக்கிறது. ‘உறுப்புக் கட்டடம்’ சரிவருமா?