பரிவைக் குறைத்துக்கொண்டால்தான் செவிலியராக நிலைக்க முடியுமா?

வேளச்சேரிச் செவிலி:
சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இரவுப் பணியில் 14 நோயாளிகளுக்கு நானும் ஒரு பயிற்சி மாணவியும் மட்டுமே. சென்ற வாரம் நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூக்கம் வராமல் தவித்த பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்ச நேரம் உட்காரும்மா” என்றார். எதிர்ப் படுக்கையில் டிரிப்ஸ் தீரும் நிலையில் இருந்ததால், அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எழுந்தேன். காலையில் பணியை ஒப்படைக்கும்போது அவரை “ஒன்பதாம் பெட்” என்றே குறிப்பிட்டேன் என்பது வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. நோயாளிகளிடம் மனத்தை ஒட்டவிடாதே என்று மூத்தவர்கள் சொல்வது சரிதானா?

செவிலியர் கல்லூரி ஆசிரியை:
படுக்கை எண்ணைச் சொல்வது எல்லா வார்டிலும் உள்ள வழக்கம். அது உங்களை உறுத்தியதே, அதுவரை நல்லது. பணிச்சோர்வை அளக்க 1981இல் உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வகுத்த அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: உணர்வு வறண்டுபோதல், எதிரில் இருப்பவரை ஆளாகப் பாராமை, தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். நீங்கள் அஞ்சுவது இரண்டாவதை. என் கருத்தில் அது பரிவு மிகுந்ததால் வருவதன்று. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய நேரமில்லாத நிலை நாள்தோறும் தொடர்வதால் வருவது. செவிலியர் பணி குறித்த ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும் உயர்கின்றன. நம் இந்திய செவிலியர் குழுமத்தின் நெறியோ, பொது வார்டுகளில் கற்பித்தல் மருத்துவமனையாயின் 3 நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர் என்பது. மாணவியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
ஆசிரியை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நோயாளியின் துன்பத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதை வீடுவரை சுமந்து செல்வது வேறு. மூத்தவர்கள் இரண்டாவதைத் தவிர்க்கச் சொல்ல நினைத்து, முதலாவதையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். என் வார்டில் ஒரு மரணம் நேர்ந்தால், உடனிருந்த செவிலியரைப் பத்து நிமிடம் தேநீருக்கு அனுப்பிவிட்டு அவருடைய படுக்கைகளை நானே பார்த்துக்கொள்வேன். மாலைப் பணி முடித்தவரை மறுநாள் காலைப் பணிக்குப் போடவும் மாட்டேன். உங்களுக்கு அத்தகைய மேலாளர் இல்லையென்றால், இரவு அறிக்கையில் நோயாளிகள் எத்தனை பேர், பணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று நாள்தோறும் எழுதிக் கையொப்பமிடுங்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள டி.எம்.எஸ். (அரசு மருத்துவப் பணிகள் இயக்கக) வளாகத்தில் அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு அமர்ந்து பணி நிரந்தரம் கேட்டார்கள். ஆனால் தனியார் மருத்துவமனையில் தனியாக நிற்பவருக்கு எழுத்துதான் துணை.

வேளச்சேரிச் செவிலி:
நன்றி அம்மா. நேற்றிரவு எழுதினேன்: நோயாளிகள் 14, செவிலியர் 1. இதை ஏன் எழுதினாய் என்று காலையில் கேட்டார்கள். கேட்டதோடு சரி, எழுதியதை நீக்கவில்லை. பாட்டி வீடு திரும்பிவிட்டாராம். கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்து அவர் பெயரைப் படித்துக்கொண்டேன்.