ஏழு மாசம் மழையே இல்லை, அஞ்சே நாளில் கொசு எங்கிருந்து வந்தது?

ரிக்காரன்:
மாலி நாட்டில் போர்வெல் வண்டியில் வேலை. கூலிகோரோ பக்கம், நைஜர் ஆற்றைவிட்டு வெகுதூரம் தள்ளி ஒரு கிராமம். நவம்பரில் நின்ற மழை, ஜூன் வரை ஒரு சொட்டு இல்லை. ஊர்க்குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அர்மத்தான் என்ற வறண்ட புழுதிக் காற்றில் உதடெல்லாம் ரத்தம். கொசு என்ற பேச்சே இல்லாததால் வலையைச் சுருட்டி வண்டிக்கடியில் போட்டுவிட்டு வெட்டவெளியில் படுத்தோம்.

போன வாரம் முதல் மழை. அஞ்சாம் நாள் ராத்திரி காதோரம் ரீங்காரம். மறுநாள் ஊர்ப் பெரியவர் வந்து, துளை போடும்போது நாங்கள் வெட்டிய சேற்றுக்குழியைக் காட்டி, "சுமாயாவை நீங்கதான் கூட்டிவந்தீங்க" என்கிறார். சுமாயா என்றால் இங்கே மலேரியா. நிஜமாகவே எங்கள் குழியில் பொரிந்த கொசுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கு அவர் முகத்தில் முழிக்கணும்.

மொட்டைமாடி:
முட்டை மண்ணுக்குள் மாசக்கணக்கில் காய்ந்து கிடக்கும் அண்ணே. தண்ணி பட்டதும் பொரியும். உங்க குழி பாவம்.

கொசுவளர்ப்பவள்:
தம்பி சொல்வது டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் கதை. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் முட்டை ஈரம் போய்விட்டால் மாசக்கணக்கில் தாங்காது. ஆய்வகத்தில் இவற்றை வளர்ப்பதுதான் என் பிழைப்பு. தட்டு காய்ந்தால் அத்தனை முட்டையும் வீண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள் ரிக்காரரே. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று வர வெயில் காலத்திலும் ஒரு வாரம் பத்து நாளாவது ஆகும். அஞ்சாம் நாள் கடித்தது புதுக்கொசு இல்லை, பழைய கிழவி.

உங்கள் மாலியிலேயே, தியெரோலா என்ற கிராமத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மழைக்காலம் முடியும்போது ஆயிரக்கணக்கான கொசுக்களுக்கு அடையாளம் இட்டுப் பறக்கவிட்டார்கள். ஏழு மாசம் கழித்து, முதல் மழைக்குப் பின் அதில் ஒரே ஒரு பெண்கொசு சிக்கியது. ஒன்றே ஒன்றுதான், ஆனால் சில வாரமே வாழும் என்று நாம் நினைத்த பூச்சி அது! பிறகு புழு வளரும் நீரில் கனநீர் (எடை கூடிய ஹைட்ரஜன் உள்ள நீர்) கலந்து அடையாளம் இட்டார்கள். 2022-இல் வந்த முடிவு, மழை தொடங்கும்போது அங்கே இருக்கும் கொலுசி என்ற அனாஃபிலிஸ் இனக் கொசுக்களில் குறைந்தது 20 சதவீதம் கோடையை உறங்கியே கழித்தவை என்றது. எங்கே ஒளிகின்றன என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. வீடு, கிணறு, பொந்து என்று தேடிச் சலித்துவிட்டார்கள்.

காத்தாடி:
காற்றில் வருவதையும் சொல்லுங்க அக்கா. மாலியில் ஹீலியம் பலூனில் பசைவலை கட்டி 40 முதல் 290 மீட்டர் உயரம்வரை தொங்கவிட்டார்கள். 617 இரவில் அனாஃபிலிஸ் 235 மாட்டியது. முக்கால்வாசிக்கும் மேல் பெண், அதிலும் பெரும்பாலானவை ஏற்கெனவே ரத்தம் குடித்தவை. ஒரே இரவில் 300 கிலோமீட்டர்வரை போகலாமாம்.

கொசுவளர்ப்பவள்:
உண்மைதான். ஆனால் காற்றில் வருவதாக நினைக்கும் அரேபியென்சிஸ் மாதிரி வேறு அனாஃபிலிஸ் இனங்கள் அந்த ஊர்களில் தலைகாட்டுவது மழை தொடங்கிச் சில வாரம் கழித்து. இவர் கேட்பது அஞ்சாம் நாள்.

ரிக்காரன்:
சரி, கொசு கிழவி. நோய்? ஏழு மாசமா யாருக்கும் காய்ச்சலே இல்லையே.

கொசுவளர்ப்பவள்:
மலேரியா ஒட்டுண்ணி மனுஷ உடம்பில்தான் கிடக்கிறது, காய்ச்சலே காட்டாமல். வறண்ட மாசங்களில் அது தொற்றிய சிவப்பணுக்கள் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றுகின்றன, மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழித்துவிடுகிறது. எண்ணிக்கை கூடாததால் ஆள் தெம்பாகவே நடமாடுவார். பெரியவரே சுமக்கலாம், அதை அவரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

உங்கள் குழிக்கு முழு விடுதலை கிடையாது. வெயில் படும் சின்னத் தேக்கம் இந்தக் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை போட்டிருந்தால் அடுத்த கூட்டம் அங்கிருந்துதான்.

ரிக்காரன்:
குழியை இன்று காலையே மூடிவிட்டோம். வலையும் வெளியே வந்தாச்சு, எலி கடித்து ரெண்டு ஓட்டை. பெரியவரிடம் "கொசு முன்னமே உங்க ஊரில்தான் ஒளிஞ்சிருந்தது" என்றேன். டார்ச்சைக் கையில் கொடுத்து, "அப்ப காட்டு" என்கிறார். தானியக் குதிர், பழைய கிணறு, ஆட்டுக்கொட்டில் எல்லாம் பார்த்தாச்சு. பல்லிதான் இருக்கு.